நூறு மீட்டருக்குள் இரண்டு கட்டில்

"பூவை எடுத்துட்டுப் போனது சரி. அட்டையை யாரு எடுப்பா?"

தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்தும் கிசாகி தொமோயே இந்தக் கேள்வியை மொட்டையாக நின்ற மூன்று மூங்கில் தாங்கிகளைப் பார்த்துக் கேட்டாள். அவை வாய் திறக்கவில்லை. அதனால் உதவியாளன் தொபாஷி திறந்தான்.

"மேடம், ரெண்டும் சேர்ந்து வந்திருக்கும். பூவுக்கு ஆசைப்பட்டு அட்டையைக் கட்டிக்கிட்டிருப்பாங்க. என் கல்யாணம் அப்படித்தான் நடந்துச்சு."

தொமோயே சிரிக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் அவள் சிரிப்பது மாதத்துக்கு இரண்டு முறை. இந்த மாதக் கணக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

நகோயாவில் புதுக் கடை திறந்தால் வாசலில் ஆள் உயரத்துக்குப் பூ அலங்காரம் நிற்கும். திறந்த கையோடு தெருப் பெண்கள் பாய்ந்து பூவையெல்லாம் உருவிக்கொண்டு போவார்கள். யாரும் கோபிப்பதில்லை. எவ்வளவு சீக்கிரம் தாங்கி மொட்டையாகிறதோ அவ்வளவு ராசி. மத்தியானம் வரை பூ மிச்சமிருந்தால்தான் கடைக்காரருக்குக் கவலை. ஆனால் ஒவ்வொரு அலங்காரத்திலும் அனுப்பியவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒரு அட்டை செருகியிருக்கும். அதை ஒருவரும் தொடமாட்டார்கள். அதை எடுத்துப் போய் என்ன செய்வது?

இங்கே மூன்று தாங்கியிலும் அட்டை இல்லை. செருகிய ஓட்டை மட்டும் இருந்தது.

தாங்கிகள் நின்ற இடம் ஹகிமாச்சி கடைத்தெருவில் புதிதாக வந்த ஷிபாத்தா மருத்துவமனையின் பக்கச் சந்து. போன வியாழக்கிழமைதான் திறப்பு. கீழே டாக்டர் அறை, மாடியில் இரண்டு கட்டில். வழக்கே அந்த இரண்டு கட்டிலில்தான் இருந்தது.

ஏனென்றால் இதே தெருவில், நாடா பிடித்து அளந்தால் எண்பத்து மூன்றாவது மீட்டரில், நருசே கெங்கோவின் புதிய பச்சின்கோ கூடம் தயாராக நிற்கிறது. எஃகுக் குண்டுகள் ஆணிகளுக்கு நடுவே துள்ளி விழும் இயந்திரங்கள், நூற்றிருபது. சட்டப்படி அது சூதாட்டம் அல்ல, பொழுதுபோக்கு. இதை நம்புகிற ஒருவரைத் தொபாஷி இன்னும் சந்திக்கவில்லை. பள்ளிக்கூடம், நூலகம், குழந்தைகள் காப்பகம், கட்டில் போட்ட மருத்துவமனை, இவற்றில் ஏதாவது நூறு மீட்டருக்குள் இருந்தால் அப்படிப்பட்ட கூடத்துக்கு அனுமதி கிடையாது. கட்டில் இல்லாத மருத்துவமனை என்றால் தடையில்லை.

"நோயாளி உட்கார்ந்திருந்தா சட்டம் தூங்கும். நோயாளி படுத்தா சட்டம் எந்திரிச்சுக்கும்" என்று நேற்றே தொபாஷி இதைச் சுருக்கிச் சொல்லியிருந்தான்.

நருசேவுக்கு அறுபத்து மூன்று வயது. அவர் அப்பா நடத்திய பழைய கூடம் சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்டது. ஒன்றரை வருடம் அலைந்து புது இடத்தில் கட்டி முடித்து விண்ணப்பம் போட்டிருக்கிறார். இன்று பகல் இரண்டு மணிக்கு மாகாண அதிகாரிகள் அளந்து பார்க்க வருகிறார்கள். இந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் கட்டில் முளைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பெரிய கூடம் வைத்திருக்கும் முராசாகி குழுமம்தான் போட்டியை ஒழிக்க டாக்டருக்குப் பணம் கொடுத்துப் பொய்க் கட்டில் போட வைத்திருக்கிறது என்பது அவர் கட்சி.

"எனக்காக இல்லீங்க. பதினோரு பேர் என்னை நம்பி இருக்காங்க. ரெண்டு மணிக்குள்ள அந்தக் கட்டிலுக்குப் பின்னாடி யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று தொமோயேவின் அலுவலகத்தில் இடுப்பு வளைய வணங்கிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது மணி ஒன்பதே முக்கால்.

"தொபாஷி, பசிக்குதா?"

"எனக்கு எப்ப மேடம் பசிக்கல?"

"வா. அட்டை எங்கேன்னு காபி கடையில கேப்போம்."

எதிர்ச் சாரியில் இருந்த காபி கடையில் ஒரு காபி சொன்னால் காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டியும், அதன்மேல் இனிப்புப் பயறு விழுதும், ஒரு அவித்த முட்டையும் சும்மா வரும். கடைத்தெருவின் ஐந்து பெண்மணிகள் இதற்காகவே ஏழு மணிக்கு வந்து பத்தரை வரை மேசையை விடுவதில்லை. தொமோயே பக்கத்து மேசையில் உட்கார்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி தொபாஷியிடம் சொன்னாள்.

"போன வியாழன் டாக்டர் வீட்டு வாசல்ல நல்ல பூவாம். எங்க அக்கா வரதுக்குள்ள காலியாம்."

வலை வீசியாயிற்று. மீன்கள் தாமாகவே துள்ளி விழுந்தன.

"காலியா? ஒம்பது அடிச்சு ரெண்டு நிமிஷம்தாங்க! நான் நாலு ரோஜா எடுத்தேன்."

"நான் கார்னேஷன். இந்தத் தடவை கொஞ்சம் வாடல்தான்."

"இவ பொய் சொல்றா, ஒரு கட்டு அள்ளிட்டுப் போனா. நான் பார்த்தேன்."

"நீ பார்த்துக்கிட்டே நின்னதாலதான் உனக்கு ஒண்ணும் கிடைக்கல!"

"அட்டையில யாரு பேரு இருந்துச்சு?" என்றாள் தொமோயே.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அட்டையா? அட்டையே இல்லையே. ஒன்பது மணிக்கு அவர்கள் ஓடியபோதே அட்டைகளைக் காணோம். அதுவும் ஒரு மாதிரிதான் இருந்தது என்று இப்போது எல்லோருக்கும் தோன்றியது.

தொமோயே ஐந்தாவது பெண்மணியைப் பார்த்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஊதாச் சாயம் பூசிய குட்டை முடி. அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முட்டையில் ஓடே மிச்சமில்லை, ஆனாலும் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன பூ எடுத்தீங்கம்மா?"

"நானா? நான்... அன்னிக்கு முழங்கால் வலி."

ரோஜாக்காரி கண்ணைச் சுருக்கினாள். "ஹிபினோ அக்கா, இந்தத் தெருவுல முப்பது வருஷமா முதல் பூ உங்களுக்குத்தானே? போன வருஷம் கால் கட்டோட ஓடி வந்தீங்களே!"

"அதான் கேக்கறேன்" என்றாள் தொமோயே இதமாக. "முதல் ஆள் பேசாம இருக்காங்கன்னா, ஒண்ணு பூ கிடைக்கல, இல்ல ரொம்ப முன்னாடியே கிடைச்சிருக்கு."

ஹிபினோ அம்மாவின் காது சிவந்தது. தாங்கிகளை வண்டியிலிருந்து இறக்கும்போதே, எட்டு மணிக்கு, ஒரு கொத்து அல்லியை உருவிவிட்டாளாம். திறப்பதற்கு முன்பு தொடக்கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் ஒரே விதி. நான்கு பெண்மணிகளும் கொலையைக் கேட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அவசரத்துல இழுத்தேனா, கம்பியோட அட்டையும் வந்துருச்சு. திரும்பச் செருகப் போனா மாட்டிக்குவேன். வீட்டுல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். போலீஸ்ல சொல்லிடாதீங்க."

வீடு அடுத்த கதவு. மூன்று நிமிடத்தில் அட்டை மேசைக்கு வந்தது. தொபாஷி அதைப் படித்தான். வாயிலிருந்த ரொட்டியை மெல்ல மறந்தான்.

"வாழ்த்துகள். கொமதோரி டிரேடிங்."

"தெரியுமா?"

"தெரியுமாவா? மேடம், நான் இருபத்திரண்டு வருஷம் பச்சின்கோ கூடத்துல குண்டு போற வழியைச் சரிபண்ண ஆணி தட்டினவன். குண்டு ஜெயிச்சா குடுக்கற சாக்லேட், சோப்புத் தூள், பூனைத் தீனி எல்லாம் மொத்தமா சப்ளை பண்றது இவங்கதான். கூடத்தைத் தவிர வேற யாருக்கும் ஒரு மிட்டாய்கூட விக்கமாட்டாங்க."

"மருத்துவமனைக்கு எதுக்குப் பூ?"

"ஊசி போட்டா பூனைத் தீனி இலவசமோ என்னவோ."

ஆக, கட்டிலுக்குப் பின்னால் ஒரு பச்சின்கோ முதலாளி இருக்கிறார். வழக்கு முடிந்துவிட்டது என்று தொபாஷி முடிவு செய்து இரண்டாவது முட்டையை எடுத்தான். தொமோயே அவன் காலரைப் பிடித்து எழுப்பினாள்.

கொமதோரி கிடங்கு பத்து நிமிட ரயில் தூரம். கூரை வரை சாக்லேட் பெட்டிகள். நடுவில் ஒரு பொம்மைக் கரடி மூட்டையின்மேல் உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த மேலாளர் ஒகுமுரா தலையைத் தூக்கினார்.

"அடடே, ஆணி! நீ இன்னும் உயிரோட இருக்கியா?"

"உங்க காலாவதி பிஸ்கட் சாப்பிட்டும் இருக்கேண்ணே, பாருங்க."

தொமோயே அட்டையை நீட்டினாள். "இந்தப் பூவை நீங்க முராசாகி குழுமத்துக்காக அனுப்பினீங்களா?"

"முராசாகியா?" ஒகுமுராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க எங்ககிட்ட வாங்கறதே இல்லையே. எல்லாம் ஒசாகாவிலேருந்து நேரா இறக்கறாங்க. ஹகிமாச்சி பக்கம் எங்களுக்கு ஒரே வாடிக்கைதான். நருசே ஐயா."

தொபாஷி தொமோயேவைப் பார்த்தான். தொமோயே பொம்மைக் கரடியைப் பார்த்தாள்.

"நருசே ஐயா பூ அனுப்பச் சொன்னாரா?"

"ஐயா எங்கே சொன்னார்? அவர் வீட்டம்மா ஃபோன் பண்ணாங்க. முப்பது ஜோடி உள்செருப்பு, நாப்பது துண்டு, ரெண்டு கனமான போர்வை வேணும், இந்த விலாசத்துக்கு அனுப்புங்கன்னாங்க. கூடம்தான் திறக்கறாங்கன்னு நினைச்சு எப்பம்மா திறப்புன்னு கேட்டேன். வியாழக்கிழமைன்னாங்க. திறப்புன்னு காதுல விழுந்தப்புறம் பூ அனுப்பாம இருந்தா நான் மனுஷனா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம், பூ மட்டும் வேண்டவே வேண்டாம்னாங்க. மூணு தடவை." ஒகுமுரா பெருமையோடு நிமிர்ந்தார். "எவ்வளவு அடக்கமான பொம்பளை! அதான் ஒண்ணுக்கு மூணா அனுப்பிட்டேன்."

வெளியே வந்து இருவரும் ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள்.

"மேடம்" என்றான் தொபாஷி வழியில். "புருஷன் கட்டின கூடத்தை மூட, பொண்டாட்டியே கட்டில் போட்டிருக்கா."

"திறக்கவே இல்லாததை எப்படிடா மூடறது? திறக்க விடாம பண்ணியிருக்கா." தொமோயே கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னிரண்டரை. நருசே ஐயாவை ஒன்றரைக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்லு. அதுக்கு முன்னாடி நாம அந்தக் கட்டிலைப் பார்க்கணும்."

மருத்துவமனை நுழைவில் காலணியைக் கழற்றிவிட்டுப் புத்தம்புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார்கள். இரண்டு கட்டில், வெள்ளை விரிப்பு, சன்னலில் வெயில். ஒரு கட்டிலின் அடியிலிருந்து ஒரு ஜோடி கால் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்த அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் தனபே, நருசே கூடத்தின் தலைமைப் பணியாள். தலையணை உறை மாட்டிக்கொண்டிருந்தவள் மிட்சுயோ, அதே கூடத்தின் பரிசு மேசைக்காரி. அவர்கள் நடுவே துண்டு மடித்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண்மணி, தொமோயே கையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நருசேவின் மனைவி யசுயோ.

"மூணுல ரெண்டைத்தான் நான் கழட்டினேன்" என்றாள் பலவீனமாக. "மூணாவதைக் காணோம்னு ஒரு வாரமா தூக்கம் இல்ல."

அதன்பிறகு எல்லாம் தானாகக் கொட்டியது. நருசேவுக்கு இந்த வருடம் இரண்டு முறை மயக்கம் வந்து விழுந்திருக்கிறார். இதயம் தாளம் தப்புகிறது, ஒரு வாரம் படுத்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் ஷிபாத்தா தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். கூடத்தைத் திறந்துவிட்டுப் படுக்கிறேன் என்பது நருசேவின் பதில்.

"திறந்தா படுக்கமாட்டார்ங்க. காலைல பத்துலேருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அந்தச் சத்தத்துலயே நிப்பார். விழற வரைக்கும் நிப்பார்." யசுயோ மடித்த துண்டை மறுபடி பிரித்து மடித்தாள். "டாக்டரோட பழைய இடமும் சாலைக்குப் போயிடுச்சு. இது எங்க தாய்மாமாவோட குடைக் கடையா இருந்த கட்டடம், என் பேருக்கு வந்தது அவருக்குத் தெரியாது. டாக்டருக்குக் குடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன், மாடியில ரெண்டு கட்டில் போடணும்னு."

சத்தம் கேட்டு ஏறி வந்த டாக்டர் தொண்டையைச் செருமினார். "பொய் ஒண்ணும் இல்லம்மா. சுகாதார அலுவலக அனுமதி, இரவு நர்ஸ், சமையல், எல்லாம் ஒழுங்கா இருக்கு. நோயாளிதான் இன்னும் வரல."

"நீங்க ரெண்டு பேரும் எப்படி இதுல?" என்று தொபாஷி தனபேயைக் கேட்டான். "கூடம் திறக்கலேன்னா உங்களுக்குத்தானே வேலை போகும்?"

தனபே கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தார். "எனக்கு அறுபத்தெட்டு வயசு தம்பி. ஒரு காது போயே போச்சு. பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா, போய்ப் பேரனோட மீன் பிடிக்கலாம்னு ஆசை. ஆனா முதலாளி எங்களுக்காகன்னு ஒவ்வொரு செங்கல்லா அடுக்கறார். அவர் மூஞ்சியப் பார்த்து வேண்டாம்னு எந்த வாயால சொல்றது?"

"பதினோரு பேர்ல எத்தனை பேருக்கு உண்மையிலேயே கூடம் வேணும்?" என்றாள் தொமோயே.

மிட்சுயோ விரல்விட்டு எண்ணத் தயாராகக் கையை உயர்த்தினாள். ஒரு விரலும் நீளவில்லை. வயதில் இளைய பணியாட்கள் இரண்டு பேர் மூன்று மாதமாகப் பேரங்காடியில் வேலை செய்கிறார்கள், அதை முதலாளியிடம் சொல்லப் பயந்துகொண்டு அவர் கூப்பிடும்போதெல்லாம் விடுப்பு எடுத்து ஓடி வருகிறார்களாம்.

யசுயோ தொமோயேவின் கையைப் பிடித்தாள். "அவர்கிட்ட சொல்லாதீங்க. நான்தான்னு தெரிஞ்சா இப்பவே கட்டிலை எடுன்னுவார். நான் எடுத்துடுவேன். நாப்பது வருஷத்துல அவர் சொல்லி நான் மாட்டேன்னதில்ல."

"மன்னிச்சிருங்கம்மா. அவர்தான் என்னை அமர்த்தினவர். யாருன்னு கேட்டார். சொல்லித்தான் ஆகணும்."

தொபாஷிக்கு முதல்முறையாகத் தன் முதலாளியின்மேல் கோபம் வந்தது.

ஒன்றரைக்கு நருசே மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மனைவியைப் பார்த்தார். தன் ஆட்கள் இருவரைப் பார்த்தார். தொமோயே எதையும் பூசி மெழுகாமல் அட்டையிலிருந்து போர்வை வரை வரிசையாகச் சொல்லி முடித்தாள். நருசேவின் முகம் சுவராகியது.

"கட்டிலை எடு, யசுயோ. இன்னும் அரை மணி இருக்கு."

யசுயோ எழுந்தாள். விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?" தொபாஷியின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது. "நேத்து உங்க புதுக் கூடத்தைச் சுத்திக் காட்டினீங்க. நூத்தி இருபது இயந்திரம், மின்னுது. நான் எத்தனையோ திறப்பு பார்த்திருக்கேன். எந்த முதலாளியும் கையைச் சும்மா வெச்சிருக்க மாட்டான். ஆணியைத் தடவுவான், குண்டை விட்டுப் பார்ப்பான், குழந்தை மாதிரி ஆடுவான். நீங்க கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்னீங்க. ஏன்?"

நருசே சன்னல் பக்கம் திரும்பினார். கீழே தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

"உங்களுக்கு அந்தக் கூடம் வேணுமா?" என்றாள் தொமோயே. "பதினோரு பேருக்கு இல்ல. உங்களுக்கு."

"எனக்கு..." அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. சின்ன வயசுலேருந்து ஆகாது. அப்பாவுக்குப் பிடிச்சுது. அப்புறம் இவங்க இருந்தாங்க. இடிச்சப்போ உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. அது எனக்கே வெக்கமாப் போச்சு. அதனாலதான் இன்னும் வேகமாக் கட்டினேன்."

"முதலாளி" என்றார் தனபே, "நாங்க உங்களுக்காகத்தானே வரோம்னு சொன்னோம்!"

"நான் உங்களுக்காகத்தான்யா கட்டினேன்!"

"அய்யோ" என்று மிட்சுயோ தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பன்னிரண்டு நல்ல மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே யாருக்கும் வேண்டாத ஒரு சூதாட்டக் கூடத்தைக் கட்டி முடித்திருக்கிறார்கள். தொமோயே தொப்பியைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிப்பதைத் தொபாஷி பார்த்துவிட்டான். மாதக் கணக்கு போயிற்று.

சரியாக இரண்டு மணிக்குக் கீழே குரல் கேட்டது. மாகாண அதிகாரிகள் இருவர், ஒருவர் கையில் அளவு நாடா, இன்னொருவர் கையில் பலகையும் படிவமும்.

"எண்பத்து மூணு மீட்டர், டாக்டர்" என்றார் பலகைக்காரர் படியேறிக்கொண்டே. "கட்டில் உண்மையிலேயே பயன்பாட்டுல இருக்கான்னு பார்க்கணும். உள்நோயாளி யாராவது இருக்காங்களா?"

டாக்டர் ஷிபாத்தா பொய் சொல்லத் தெரியாதவர். "இதுவரைக்கும்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

நருசே கோட்டைக் கழற்றினார். மடித்து மிட்சுயோவிடம் கொடுத்தார். சன்னலோரக் கட்டிலில் ஏறி, காலை நீட்டி, கூரையைப் பார்த்துப் படுத்தார். யசுயோ இரண்டே எட்டில் ஓடி, அந்தக் கனமான போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். எங்கே எழுந்துவிடப் போகிறாரோ என்று நாலு பக்கமும் இறுக்கிச் செருகினாள்.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது. "இது நடிப்பு இல்ல. இவரை இன்னிக்கு நான் எழுந்திரிக்க விடமாட்டேன்" என்றார் அதட்டலாக.

"நோயாளி பெயர்?" என்றார் அதிகாரி.

"நருசே கெங்கோ" என்றாள் யசுயோ.

அதிகாரி எழுதினார். எழுதியதைப் பார்த்தார். பலகையில் மேலே இருந்த விண்ணப்பத்தைப் புரட்டினார். கட்டிலைப் பார்த்தார். மறுபடியும் புரட்டினார்.

"கூடத்துக்கு விண்ணப்பம் போட்டவர் பெயரும்..."

"நான்தான் சார்" என்றார் நருசே, போர்வைக்குள்ளிருந்து.

"அப்போ... இந்த மருத்துவமனை பத்தி உங்க தரப்புல ஏதாவது ஆட்சேபம் பதிவு பண்ணணுமா?"

"பண்ணணும் சார்." நருசே கண்ணை மூடிக்கொண்டார். "எண்பத்து மூணு மீட்டர்ல நூத்தி இருபது இயந்திரம் வெச்சுத் தடதடன்னு உருட்டினா, இங்கே படுத்திருக்கறவன் எப்படி சார் தூங்குவான்?"